ஜல்லிக் கணக்கை நீங்களே போடுங்கள்!

வீட்டு வேலை முடியும் தறுவாய். தெருவிலிருந்து போர்ட்டிகோ வரை கார் வந்துபோக ஒரு ஜல்லிப் பாதை போட வேண்டும். எவ்வளவு ஜல்லி சொல்வது? இந்தக் கேள்வி வந்ததும் நீங்கள் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கிறீர்கள். மேஸ்திரி லாரிக்காரரின் முகத்தைப் பார்க்கிறார். “ஒரு நாலு லோடு அடிச்சிரலாம் சார்” என்று பதில் வருகிறது. நீங்கள் தலையாட்டிவிடுகிறீர்கள்.

ஏன் தலையாட்டினீர்கள்? எத்தனை அடி நீளத்துக்கு நாலு லோடு? எத்தனை அங்குலக் கனத்துக்கு? அவர் சொல்லும் லோடு ஒரு யூனிட்டா, இரண்டா, மூன்றா? எதுவும் தெரியாமல் ஓர் எண்ணுக்குச் சம்மதம் சொல்லிவிட்டீர்களே! பணம் உங்களுடையது. நிலம் உங்களுடையது. அந்தப் பாதையில் இனி வருடக்கணக்கில் நடக்கப்போகிற கால்களும் உங்களுடையவை. எண் மட்டும் ஏன் இன்னொருவருடையதாக இருக்க வேண்டும்?

“எனக்குக் கணக்கெல்லாம் வராதுங்க.” இந்தப் பேச்சை வங்கியில் கேட்டிருக்கிறேன், பத்திரப்பதிவு அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன், சிமெண்ட் கடை வாசலில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது. என்றோ ஒரு நாள் கரும்பலகைக்கு முன்னால் நிற்கவைத்து உங்களை வெட்கப்படுத்திய ஒருவர் இந்தப் பேச்சை உங்கள் வாயில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் ஓய்வுபெற்று எங்கோ நிம்மதியாக இருக்கிறார். நீங்கள் அந்த ஒரு நாளுக்காக ஆயுள் முழுக்க அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். போதும், நிறுத்துங்கள்! காதுகுத்துக்கு வந்த கூட்டத்தைக் கண்ணாலேயே எண்ணி, தலைக்கு இவ்வளவு என்று உலையில் அரிசி போடுகிற கை உங்களுடையது. அந்தக் கைக்கு ஜல்லிக் கணக்கு வராது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

வேண்டியவை மிகக் கொஞ்சம். ஒரு டேப்பு, ஒரு சுருள் நூல், நாலைந்து முளைக்குச்சி, ஒரு நோட்டு, ஒரு பேனா. இவற்றை எடுத்துக்கொண்டு வெயில் ஏறுவதற்கு முன் நிலத்தில் போய் நில்லுங்கள்.

நீளம், அகலம், கனம். மூன்றையும் அடியில் வைத்துப் பெருக்கினால் கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். தமிழ்நாட்டில் ஜல்லி, எம்-சாண்ட், கிராவல் எல்லாமே பெரும்பாலும் இந்த யூனிட் கணக்கில்தான் பேச்சில் ஓடுகின்றன. மீட்டரில் பேசுகிற பொறியாளர் வந்தாலும் பயப்பட வேண்டாம், ஒரு யூனிட் என்பது 2.83 கன மீட்டர். எடைமேடைச் சீட்டைக் காட்டி டன் கணக்கில் பேசுகிறார்களா? ஒரு யூனிட் ஜல்லி சுமார் 4 முதல் 4.5 டன் வரை நிற்கும். இந்த மூன்று எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் யார் எந்த அளவில் பேசினாலும் அதை உங்கள் அளவுக்குத் திருப்ப இவை போதும்.

பெரும்பாலோர் இடறி விழுவது ஒரே இடத்தில்தான். நீளத்தையும் அகலத்தையும் அடியில் எழுதுவார்கள். கனத்தை அங்குலத்தில் எழுதி அப்படியே பெருக்கிவிடுவார்கள். விடை பன்னிரண்டு மடங்கு ஊதிப் போகும். இன்னும் சிலர் 5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று எழுதுவார்கள். அது 5.5. அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்த பிறகுதான் அது அடிக்குப் பக்கத்தில் உட்காரும். 2 அங்குலம் ஆறில் ஒரு பங்கு அடி, 3 அங்குலம் கால் அடி, 4 அங்குலம் மூன்றில் ஒரு பங்கு, 6 அங்குலம் அரை அடி. 320-இல் ஒரு பங்குக்கு முந்திரி என்றும் 80-இல் ஒரு பங்குக்குக் காணி என்றும் பெயர் சொல்லி, திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்த ஊர் இது. பன்னிரண்டில் நாலு பங்கு எவ்வளவு என்பதற்கா இந்த மண்ணில் ஒருவர் மலைத்து நிற்பது?

இதைவிட எளிய வழியும் உண்டு. 1200 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். ஒரு யூனிட் ஜல்லியை ஓர் அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் 1200 சதுர அடி நிரம்பும். 4 அங்குலம் வேண்டுமென்றால் 1200-ஐ நாலால் வகுங்கள், ஒரு யூனிட் 300 சதுர அடிக்கு வரும். 6 அங்குலமா? 200 சதுர அடி. லாரிக்காரர் பேசி முடிப்பதற்குள் நீங்கள் மனக்கணக்காகவே விடை சொல்லிவிடலாம். சொல்லிப் பாருங்கள், உங்களிடம் பேசுகிறவரின் குரல் அந்த நிமிடமே மாறும்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு மனிதரைக் காட்ட வேண்டும். சாலை போடுகிறவர்களில் நான் மிகவும் மதிக்கிற மனிதர். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் நேர்ஸ்பரோ என்ற சிற்றூரில் 1717-இல் பிறந்த ஜான் மெட்கால்ஃப். ஆறு வயதில் பெரியம்மை கண்டது. உயிர் பிழைத்தது, இரண்டு கண்ணும் போயின. வளர்ந்து பிடில் வாசித்துச் சம்பாதித்தார். குதிரை வாங்கி விற்றார். சரக்கு வண்டி ஓட்டினார். குண்டும் குழியுமான சாலைகளில் வண்டி ஓட்டிய அனுபவம் அவர் உடம்பில் ஏறியிருந்தது. எந்த இடத்தில் சக்கரம் புதையும், எந்த மண் மழையில் கரையும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

1765-இல் அந்த வட்டாரத்தில் ஒரு சுங்கச் சாலை போட முடிவானது. மின்ஸ்கிப், ஃபெரன்ஸ்பி என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்று மைல் வேலையை மெட்கால்ஃப் கேட்டு வாங்கினார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டை நெருங்கும் வயது. அதற்கு முன் ஒரு சாலைகூடப் போட்டதில்லை. மூன்று மைலுக்கும் வேண்டிய சரளை ஒரே ஒரு குழியிலிருந்து வர வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் குழியின் ஓரத்திலேயே பலகை அடித்து ஒரு தற்காலிகக் கொட்டகை போட்டார். பன்னிரண்டு குதிரைகளைக் கொண்டுவந்து அங்கேயே கட்டித் தீனி வைத்தார். ஆட்கள் தங்குவதற்குப் பக்கத்து ஊரில் வீடு பிடித்தார். விடியற்காலையில் நேர்ஸ்பரோவிலிருந்து மாவு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே வந்து, ஆறு மணிக்கெல்லாம் ஆட்களோடு வேலையில் நின்றார். பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் போக வேண்டும், அதை இழுக்க என்ன வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் விடை அவர் தலைக்குள் இருந்தது. வேலை குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது.

அதன் பிறகு அவர் நிற்கவில்லை. யார்க்ஷயர், லங்காஷயர், செஷயர், டெர்பிஷயர் என்று சுமார் 180 மைல் சாலை போட்டார். நீண்ட கோல் ஒன்றை ஊன்றிக்கொண்டு தனியாக மலை ஏறுவார், பள்ளத்தாக்கில் இறங்குவார், மண்ணைக் குத்திப் பார்ப்பார். திரும்பி வந்து இவ்வளவு கல், இவ்வளவு செலவு என்று சொல்வார். அந்தக் கணக்கை அவர் போட்ட முறை அவருக்கே உரியது, இன்னொருவருக்கு விளக்கிச் சொல்ல அவரால் முடியவில்லை. ஆனால் சாலை நின்றது. ஹடர்ஸ்ஃபீல்டு பக்கம் ஒரு சதுப்பு வந்தபோது அடியில் கெட்டித் தரை தட்டும் வரை தோண்ட வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். புதர்ச்செடிக் கட்டுகளைப் பரப்பி அதன்மேல் கல்லும் சரளையும் போட்டால் தாங்கும் என்றார் இவர். கேட்டவர்கள் சிரித்தார்கள். தோற்றால் தன் செலவில் அவர்கள் சொன்னபடியே போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினார். அந்தச் சதுப்புச் சாலைக்குப் பன்னிரண்டு ஆண்டு பழுது பார்க்கும் வேலையே வரவில்லை. எழுபது வயதைத் தாண்டியும் சாலை போட்டுக்கொண்டிருந்த அவர் 1810-இல், 92 வயதில் மறைந்தார்.

அவருடைய துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் எழுந்து கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும், என்னால் முடியும்” என்று சொல்லிக்கொண்டதால் வந்ததில்லை. அவர் அந்தச் சதுப்பில் நடந்திருந்தார். கோலால் குத்திப் பார்த்த கை, தான் தொட்டறிந்ததைச் சொன்னது. தன்னம்பிக்கையை நான் இங்கேதான் தேடச் சொல்கிறேன். நீங்களே அளந்த ஓர் எண் உங்கள் நோட்டில் இருக்கட்டும். உங்கள் முதுகு தானாக நிமிரும், குரல் தானாகத் தெளியும். அளக்காதவர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் உள்ளே ஒரு நடுக்கம் இருக்கும்.

ஆகவே நிலத்துக்கு வாருங்கள். முதலில் மண்ணைப் பாருங்கள். கெட்டியான செம்மண் தரையா? கார் மட்டும் வந்துபோகும் பாதைக்கு அடியில் 4 அங்குலக் கனத்துக்கு ஒன்றரை ஜல்லி (ஒன்றரை அங்குலக் கல்), மேலே 2 அங்குலக் கனத்துக்கு முக்கால் ஜல்லி (முக்கால் அங்குலக் கல்) பொதுவாகத் தாங்கும். கரிசலா? கோடையில் வெடித்து மழையில் களியாகிற மண் அது. ஜல்லியை நேரே கொட்டினால் ஒரே பருவத்தில் விழுங்கிவிடும். நீங்கள் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் அந்தக் கணக்கு பூமிக்குள் போய்விடும். கரிசலுக்கு முதலில் கிராவல் மண் ஒரு அடுக்குப் போட்டு இறுக்குங்கள், அல்லது ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து அதன்மேல் ஜல்லியைப் பரப்புங்கள். எந்த மண்ணானாலும் புல்லும் வேரும் உள்ள மேல்மண்ணை நாலு அங்குலம் வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த மண் உங்கள் வாழைக்கும் முருங்கைக்கும் உரம். பாதைக்கு அடியில் கிடந்தால் வினை.

அடுத்தது, என்ன வண்டி வரும்? கார் மட்டும்தான் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். கோடையில் தண்ணீர் லாரி வராதா? 12,000 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டுமே 12 டன், வண்டியின் எடை தனி. கழிவுநீர்த் தொட்டி லாரி வராதா? மாடி கட்ட நினைத்தால் கம்பி ஏற்றிய லாரி வராதா? வருமென்றால் அடி அடுக்கை 6 அங்குலமாக்குங்கள். இதை உங்களுக்காக வேறு யாரும் யோசிக்க மாட்டார்கள். உங்கள் வாழ்க்கை எப்படிப் போகும் என்று தெரிந்தவர் நீங்கள்தான்.

இனி அளவு. ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். 60 அடி நீளம், 10 அடி அகலம். தெருவைத் தொடும் இடத்தில் வண்டி திரும்ப வசதியாக இன்னொரு 6 அடி நீளத்துக்கு 10 அடியிலிருந்து 16 அடியாக விரிகிறது. விரியும் பகுதியைக் கண்டு திகைக்க வேண்டாம். 10-ஐயும் 16-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 13, அதை 6-ஆல் பெருக்கினால் 78 சதுர அடி. நேர்ப்பகுதி 600. மொத்தம் 678 சதுர அடி. பாதை வளைந்து போனால் நடுக்கோட்டில் நூலை வளைத்து வைத்து அந்த நூலின் நீளத்தை எடுங்கள். வட்டமான திருப்பம் இருந்தால் ஆரத்தை ஆரத்தால் பெருக்கி 3.14-ஆல் பெருக்குங்கள். எட்டாம் வகுப்பில் எதற்கென்றே தெரியாமல் எழுதிப் பார்த்த சூத்திரங்கள் இவை. அவை இத்தனை வருடம் காத்திருந்தது இந்த வாசலுக்காகத்தான்.

அடி அடுக்கு 4 அங்குலம்: 678-ஐ 4-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 226 கன அடி. மேல் அடுக்கு 2 அங்குலம்: அதில் பாதி, 113 கன அடி. இத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைத்து ஜல்லி சொல்பவர்கள்தான் கடைசியில் பத்தடி பாதை குறைந்து நிற்கிறார்கள். ஏனென்றால் லாரியில் வருவது உதிரி ஜல்லி. நீங்கள் அளந்தது ரோலர் ஏறி இறுகிய கனம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பங்கு மறைந்துபோகும்.

எவ்வளவு மறையும்? நெடுஞ்சாலைக்காரர்களுக்கு இதற்கு எழுதிவைத்த அளவு உண்டு. 1934-இல் தொடங்கிய இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த முறையில், 10 சதுர மீட்டருக்கு 75 மில்லிமீட்டர் இறுகிய ஜல்லி அடுக்கு வேண்டுமென்றால் 0.91 முதல் 1.07 கன மீட்டர் உதிரி ஜல்லி கொண்டுவர வேண்டும். இறுகிய பிறகு அதன் அளவு 0.75 கன மீட்டர்தான். அதாவது ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் வரை கூடுதல் வேண்டும். நம் பாதைக்கு அடி அடுக்கில் நூற்றுக்கு முப்பது என்று வைப்போம். லேசாக உருட்டினால் போதும் என்கிற மேல் அடுக்குக்கு நூற்றுக்கு இருபது. 226 கன அடி 294 ஆகிறது. 113 கன அடி 136 ஆகிறது. ஆக, ஒன்றரை ஜல்லி 3 யூனிட், முக்கால் ஜல்லி ஒன்றரை யூனிட்.

நானோ நெடுஞ்சாலைத் துறையோ சொன்னோம் என்பதற்காக இதை நம்பாதீர்கள். சோதித்துப் பாருங்கள். நீங்கள் போடப்போவது தூளும் கல்லும் கலந்த கிராவல் என்றால் அதையே ஓர் இரும்பு வாளியில் 12 அங்குலம் உதிரியாக நிரப்பி, லேசாக ஈரப்படுத்தி, மரக்கட்டையால் நன்றாக இடியுங்கள். ஒன்பதரை அங்குலத்துக்கு இறங்கியதா? 12-ஐ 9.5-ஆல் வகுங்கள், 1.26. உங்கள் கிராவலுக்கு உங்கள் எண் அது. ஜல்லிக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. 20 லிட்டர் பெயின்ட் வாளி நிறைய ஜல்லி போட்டு, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். எட்டு ஒன்பது லிட்டர் உள்ளே போகும். வாளியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வெற்றிடம்! காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் இவ்வளவு காற்று இருக்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள். ரோலர் ஓடினால் அது குறையும், ஆனால் முழுவதும் போகாது. மிச்ச இடுக்கை நிரப்பத்தான் கிரஷர் தூளோ கிராவல் மண்ணோ தூவித் தண்ணீர் விட்டு உருட்டுகிறார்கள். நம் 3 யூனிட்டுக்கு அரை முதல் முக்கால் யூனிட் தூள் பிடிக்கும். கனத்தை அது கூட்டாது, பிடிப்பைக் கூட்டும். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்கடம் இருநூறு ஆண்டுக்கு முன் அடித்துச் சொன்னது உடைத்த கல்லின் பெருமையைத்தான். கூர்முனையுள்ள கல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஆற்றுக் கூழாங்கல் அழகாக இருக்கிறது என்று பாதைக்கு வாங்கினால் சக்கரத்துக்கடியில் உருண்டுகொண்டே இருக்கும்.

நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தால் இரண்டு பக்கமும் முளையடித்து, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் மட்டம் பார்த்து நூல் கட்டுங்கள். ஐந்தடிக்கு ஒரு இடத்தில் நூலிலிருந்து தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து எழுதி, எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை இடமோ அத்தனையால் வகுத்தால் சராசரிப் பள்ளம். பாதையின் நடு, ஓரத்தைவிட இரண்டு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மழைநீர் நிற்கும். அந்த உயரத்தை ஜல்லியால் கொண்டுவர நினைக்காதீர்கள். மண்ணை வெட்டும்போதே நடுவை மேடாக விடுங்கள். ஜல்லி எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்கும், உங்கள் கணக்கும் நேராக நிற்கும். ஓரத்தில் கல்லோ செங்கல்லோ பதித்து அணை கொடுங்கள். அணை இல்லாத ஜல்லி மூன்றே மாதத்தில் தோட்டத்துக்குள் போயிருக்கும்.

இப்போது மேஸ்திரியிடம் போங்கள். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அவர் கண் வருடக்கணக்கான வெயிலில் பழகிய கண், அதற்குரிய மரியாதையை முழுமையாகக் கொடுங்கள். “மேஸ்திரி, பாதை மொத்தம் 678 சதுர அடி வருது. அடியில நாலு இஞ்ச், மேல ரெண்டு இஞ்ச், இறுகின கனம். ஒன்றரை ஜல்லி மூணு யூனிட்டு, முக்கால் ஜல்லி ஒன்றரை யூனிட்டுன்னு எனக்கு வருது. நீங்க எவ்வளவு சொல்றீங்க? எதை வச்சுச் சொல்றீங்க?” என்று கேளுங்கள். “ரோட்டோரம் அந்தப் பள்ளத்தைச் சேர்த்தீங்களாம்மா?” என்று அவர் திருப்பிக் கேட்கலாம். அருமையான கேள்வி! 8 அடிக்கு 5 அடி, சராசரி ஓரடி ஆழமென்றால் 40 கன அடி. இறுகுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய அரை யூனிட் கிராவல் மண். உடனே நோட்டில் சேருங்கள். எண் தெரிந்தவர்கள் இருவர் பேசினால் கணக்கு கூர்மையாகும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அங்கே நடப்பது உத்தரவுதான்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருக்க, கட்டட வேலையைத் தனி ஆளாக நின்று முடிக்கிற பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். வாசலில் வந்து நிற்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “சார் இல்லீங்களாம்மா?” இந்தக் கேள்விக்குக் கூனிக் குறுகாதீர்கள். “அளவு என்கிட்ட இருக்கு, சொல்லுங்க” என்று நோட்டைத் திறங்கள். அந்த நோட்டில் உங்கள் கையெழுத்தில் 678 என்று இருக்கிறது. நீங்கள் குனிந்து, முட்டி போட்டு, நூல் பிடித்து அளந்த 678. அதை அசைக்க எந்தச் சாருக்கும் உரிமை கிடையாது.

லாரி வந்துவிட்டது. கொட்டுவதற்கு முன் நிறுத்துங்கள். ஐந்து நிமிட வேலை இது, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. டிப்பர் தொட்டியின் உள்நீளத்தையும் உள்ளகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 12 அடிக்கு 7 அடி என்று வைத்துக்கொள்வோம், 84 சதுர அடி. இரண்டு யூனிட் என்றால் 200 கன அடி. 200-ஐ 84-ஆல் வகுத்தால் ஜல்லி 2 அடி நாலரை அங்குல உயரத்துக்கு நிற்க வேண்டும். நடுவில் கும்பாரமாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், மூலைகள் தாழ்ந்திருக்கும். நாலு மூலையிலும் நடுவிலும் தொட்டியின் அடி தட்டும் வரை ஒரு கம்பியை இறக்கி ஆழம் பார்த்து, ஐந்தையும் சராசரி எடுங்கள். இந்தத் தொட்டியில் ஓர் அங்குலம் இறங்கினால் 7 கன அடி போச்சு. நாலு அங்குலம் இறங்கினால் 28 கன அடி, கால் யூனிட்டுக்கும் மேல்! ஓட்டுநரிடம் இருக்கும் நடைச்சீட்டில் எழுதியிருக்கும் அளவையும் வாங்கிப் பாருங்கள். நியாயமாக ஏற்றி வருகிறவர் உங்கள் டேப்பைக் கண்டு முகம் சுளிக்க மாட்டார். தன் சரக்கின் அளவைத் தெரிந்து வாங்குகிறவர் கிடைத்தால் அவருக்கும் அது நிம்மதிதான்.

நீங்கள் வருவதற்குள் கொட்டிவிட்டார்களா? அப்போதும் கை விரிக்காதீர்கள். குவியல் கூம்பாக விழுந்திருந்தால் அதன் அடியைச் சுற்றி டேப்பை ஓட்டுங்கள். சுற்றளவு 40 அடி, உயரம் நாலரை அடி என்றால் 40-ஐ 40-ஆல் பெருக்கி, நாலரையால் பெருக்கி, 38-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 190 கன அடி வருகிறது. சொன்னது இரண்டு யூனிட் என்றால் பேச வேண்டிய வித்தியாசம் பத்துக் கன அடி. ஆளனுப்பி அம்பாரத்தை மறுபடி அளக்கச் சொல்லவும் உங்களுக்கு வாய் இருக்கிறது, ஏனென்றால் கையில் எண் இருக்கிறது.

கூடுதலாக வாங்கிவிட்டால் நஷ்டமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. மிஞ்சிய ஜல்லி தெருவில் கிடந்து இருசக்கர வண்டியில் வருகிறவரைச் சறுக்கிவிடும். அதோடு, ஒவ்வொரு யூனிட்டும் எங்கோ ஒரு குன்றை வெடி வைத்துத் தகர்த்து வந்தது. வளர்ந்து நிரம்பக்கூடிய பொருளில்லை மலை. தேவையான அளவு எடுங்கள், அதற்கு மேல் ஒரு கூடைகூட வேண்டாம் என்று சொல்கிற திடம் உங்களுக்கு வேண்டும். அந்தத் திடத்தையும் அளவுதான் கொடுக்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கச் சொல்லாதீர்கள். முதலில் அடி அடுக்குக்கான 3 யூனிட்டும் தூளும் வரட்டும். பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி முடித்ததும் மறுபடி டேப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். இறுகிய கனம் நாலு அங்குலம் இருக்கிறதா? ஓரம் எங்காவது அகன்றுவிட்டதா? பரப்பு 678-க்குப் பதிலாக 700 சதுர அடி ஆகியிருந்தால் மேல் அடுக்கு 140 கன அடி. அந்தப் புதிய எண்ணை வைத்து முக்கால் ஜல்லியைச் சொல்லுங்கள். கணக்கில் வந்தது எவ்வளவு, உண்மையில் செலவானது எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் மண்ணுக்கும் உங்கள் ஊர் ஜல்லிக்கும் எத்தனை சதவீதம் கூட்ட வேண்டும் என்பது அந்த இரண்டு எண்ணிலிருந்து தெரிந்துவிடும். அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் வந்து கேட்பார். நோட்டைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை கழியட்டும். சக்கரம் ஓடும் இரண்டு தடமும் சற்று அமுங்கியிருக்கும். தடம் ஒவ்வொன்றும் 2 அடி அகலம், 60 அடி நீளம், ஆக 240 சதுர அடி. ஓர் அங்குலம் அமுங்கியிருந்தால் 20 கன அடி, இறுகுவதற்கு நூற்றுக்கு இருபது சேர்த்தால் 24. மேஸ்திரியை அழைக்க வேண்டியதில்லை. டிராக்டர்காரருக்கு நீங்களே போன் போடுங்கள். “அண்ணே, முக்கால் ஜல்லி கால் யூனிட்டு, தலைதட்டி அளந்து கொண்டாங்க. வந்ததும் நான் அளந்துதான் இறக்குவேன்.”